குறட்டையும் மூச்சு நிற்பதும்: டொக்டரை வீடியோவில் பார்த்தால் போதுமா? (நுவரெலியா மாவட்டம்)

கந்தப்பளை_டீச்சர் | ஞாயிறு, இரவு 11.50

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் அடுத்த அறையில் தூங்குகிறார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். குறட்டை திடீரென்று நிற்கும். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால் சில நேரம் இருபத்தைந்து வரை போகிறது. அப்புறம் தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. மறுபடியும் குறட்டை. காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார்.

வயது 47. மரக்கறி லொறி ஓட்டுகிறார். லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்பினால் இறம்பொடை, கம்பளை, கண்டி, மாத்தளை கடந்து தம்புள்ளை. போன கிழமை இறம்பொடை வளைவில் கண் சொருகிவிட்டதாம். கிளீனர் பையன் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். அதுவும் அந்தப் பையனின் அம்மா கடையில் வைத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் மூச்சே விடவில்லை.

பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை குடிக்கிறார், குறைந்தபாடில்லை. கண்டிக்குப் போய்க் காட்டலாம் என்றால் "குறட்டைக்கெல்லாம் யாராவது டொக்டரைப் பார்ப்பாங்களா" என்று சிரிக்கிறார். வீடியோவில் டொக்டரைச் செனல் பண்ணி (காசு கட்டி நேரம் பதிந்து) பார்க்கலாம் என்று ஒரு டீச்சர் சொன்னார். அது சரிவருமா? தொண்டையைக் கூடப் பார்க்காமல் என்னத்தைச் சொல்லப் போகிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்ந்த_நர்ஸ் | திங்கள், காலை 6.15

மகள், முதலில் ஒன்று. பரிசோதனை முடியும்வரை அவரை இரவில் லொறி எடுக்க விடாதே. மற்றதெல்லாம் அப்புறம். தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்த வியாதி (ஸ்லீப் அப்னியா) உள்ளவர்கள் வாகனம் ஓட்டினால் விபத்து நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். இறம்பொடை பாதையில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ எண்ணியது சும்மா இல்லை. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று போகவில்லை. பத்து விநாடிக்கு மேல் நின்றால் அதை ஒன்று என்று கணக்கெடுப்பார்கள். ஒக்சிஜன் இறங்கியதும் மூளை பயந்து ஒரு தட்டு தட்டி எழுப்புகிறது, உடனே மறுபடி தூங்கிவிடுவார். அதனால்தான் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பிரஷர் ஏறுகிறது. குளிசைக்கு அடங்காத பிரஷர் என்றால் குறட்டையைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது என்று வார்டில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

உன் தையல் பெட்டியில் டேப் இருக்குமே, அவர் கழுத்தை அளந்து பார். டொக்டர்மார் எட்டுக் கேள்வி வைத்திருக்கிறார்கள்: சத்தமான குறட்டையா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது கண்டார்களா, பிரஷர் இருக்கிறதா, உடம்பு மிகவும் பருமனா, 50 வயது தாண்டியாயிற்றா, கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்று "ஆம்" வந்தாலே கவனிக்க வேண்டும், ஐந்து வந்தால் சந்தேகம் பலம். உன் ஆளுக்கு நான் இங்கிருந்தே ஐந்து எண்ணிவிட்டேன், கழுத்தை அளக்காமலே.

இந்தக் கேள்வியில் எதற்காவது டொக்டர் தொட்டுப் பார்க்க வேண்டுமா? முக்கால்வாசியும் பேச்சு. அதிலும் மூச்சு நின்றதா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது. உன்னிடம்தான் இருக்கிறது. கிளினிக்குக்கு ஆம்பிளைகள் தனியாகப் போய் "குறட்டை கொஞ்சம் இருக்கு சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். வீட்டில் போனை வைத்துப் பேசினால் இராத்திரி முழித்திருந்த ஆளும் பக்கத்தில் உட்காரலாம். அதற்காகவே நான் வீடியோவுக்குச் சரி சொல்வேன்.

பதுளை_சந்தி | திங்கள், காலை 9.02

நர்ஸ் மிஸ் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு இந்தப் போன் வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. என் தங்கச்சி பிள்ளைக்கு ஆறு வயது. இரவில் வாயைத் திறந்துகொண்டு கர் கர் என்று தூங்குவான். போனில் பார்த்த டொக்டர் ஒவ்வாமை என்று சிரப் எழுதினார். மூன்று மாதம் குடித்தான். கடைசியில் நேரில் காது மூக்கு தொண்டை டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்த மாத்திரத்தில் "ரெண்டு டொன்சிலும் முட்டிக்கொண்டிருக்கே" என்றார். இரண்டு நிமிஷம்! மூன்று மாதம் எங்கே, இரண்டு நிமிஷம் எங்கே? காசைக் கட்டியதும் இணைப்பு வருகிறது, ஏழு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. வியாபாரம்.

ஓய்ந்த_நர்ஸ் | திங்கள், காலை 10.40

தம்பி, பிள்ளை விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. சிறு பிள்ளை குறட்டை விட்டால் பெரும்பாலும் டொன்சில், அடினொயிட் வீக்கம். அதை நேரில்தான் பார்க்க வேண்டும். எனக்கு அதில் இரண்டாவது பேச்சே இல்லை. பெரியவர்கள் கதை வேறு. அவர்களுக்கும் மூக்கு ஒரு பக்கம் அடைப்பு, தாடை மிகவும் சின்னது, கழலை வீக்கம் என்று ஏதாவது இருந்தால் ஒரு தடவை நேரில் போகத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் படியாகக் கண்டிக்கு ஓட வேண்டியதில்லை.

பொகவந்தலாவை_லயம் | திங்கள், மதியம் 1.30

அம்மாவுக்காக நான் இதைச் செய்தேன். அவருக்கு 56. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவர். எப்போது பார்த்தாலும் அசதி, காலையில் தலையிடி, இராத்திரி நாலு தரம் எழும்பி ஒன்றுக்குப் போவார். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்துக் குளிசை. மூன்று வருஷமாக அதே குளிசை. இரத்தம் கூடியது, அசதி போகவில்லை. பொம்பிளைகள் குறட்டை விட்டால் வெளியே சொல்லக் கூச்சம். அதிலும் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது சுவரா, பேப்பரா? பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எங்கள் அம்மாவின் மூச்சு எப்போது நிற்கும் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போய்விடும். பஸ் காசு வேறு. போய் உட்கார்ந்தாலும் டொக்டர் சிங்களத்தில் கேட்பார், அம்மா தலையை ஆட்டுவார். என்ன கேட்டார் என்றால் "தெரியல, தலையிடியான்னு கேட்டிருப்பார்" என்பார். போனில் பார்த்தபோது யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு டொக்டரைப் பிடித்தோம். தமிழில் பேசினார். அதிலும் ஒரு கூத்து. "நித்திரை எப்பிடி, பகலிலை கண்ணயருதோ?" என்று கேட்க அம்மா முழிக்கிறார். "தூக்கம்தாம்மா கேக்குறாரு" என்றேன். அதற்குப் பிறகு அம்மா பேசியதை நிறுத்த முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் புள்ளைக்காம்பராவில் வேலை செய்யும்போது தொட்டிலை ஆட்டிக்கொண்டே தூங்கிவிட்டதை என்னிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

சிக்னல் மட்டும் பிரச்சினை. எங்கள் லயத்தில் இஸ்தோப்பு (திண்ணை) மூலையில் ஒரு கோடு, கோயில் மேட்டில் மூன்று கோடு. அம்மாவுக்குச் சால்வை போர்த்தி மேட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தோம். வீடியோ அறுந்துகொண்டே இருந்தது. டொக்டரே "படம் தேவையில்லை, கதையுங்கோ" என்று வெறும் கோலில் முடித்தார். முதல் நாள் இரவு அம்மா தூங்குவதை ஒன்றரை நிமிஷம் போனில் எடுத்து முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் டெஸ்ட் எழுதினார். தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் சேர்த்து எழுதினார்.

கந்தப்பளை_டீச்சர் | திங்கள், மாலை 4.10

கழுத்து 43. மீசை முறுக்கிக்கொண்டு "சட்டை தைக்கவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தம்பி, அந்த டெஸ்டை எப்படிச் செய்தீர்கள்? ஆஸ்பத்திரியில் தங்க வேண்டுமா?

ஹக்கல_மாஸ்க் | திங்கள், இரவு 8.25

அதை நான் சொல்கிறேன். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் மெசினை (CPAP) இரண்டு வருஷமாகப் பாவிக்கிறேன்.

டெஸ்ட் இரண்டு வகை. ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒரு இரவு தங்கி, தலை முழுக்க வயர் ஒட்டி மூளை அலையும் சேர்த்துப் பார்ப்பது. மற்றது வீட்டுக்குக் கொண்டுவரும் சின்னப் பெட்டி. நெஞ்சில் ஒரு பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் இரத்த ஒக்சிஜன் எத்தனை வீதம் என்று பார்க்கும் ஒரு கிளிப், அவ்வளவுதான். எனக்குக் கண்டியில் ஒரு நிலையத்தில் இருந்து பெட்டியைத் தந்தார்கள். மருமகன் எடுத்துக்கொண்டு வந்தான். கட்டும்போது அங்குள்ள பையன் வீடியோவில் "அங்கிள், பெல்ட் கொஞ்சம் மேலே" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நம்ம ஊருக்கென்று சில விஷயம் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். குளிரில் விரல் விறைத்தால் கிளிப்புக்கு நாடி பிடிபடாது. எனக்கு முதல் இரவு பாதி வீணாகி, இரண்டாம் இரவு கைக்கு ஒரு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் சரிவந்தது. பொம்பிளைகள் என்றால் அந்த விரலில் நகப்பூச்சோ மருதாணியோ வேண்டாம். அப்புறம், நுவரெலியா 6,000 அடிக்கு மேல். இங்கே நல்ல ஆளுக்கே ஒக்சிஜன் கொழும்பைவிட ஓரிரு இலக்கம் குறைவாகக் காட்டும். அறிக்கை பார்க்கும் டொக்டர் சமவெளியில் இருந்தால், எந்த உயரத்தில் எடுத்தது என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது அவர் "நல்ல வேளை" என்றார்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று ஒரு இலக்கம் வரும். 5க்குக் கீழே என்றால் பயமில்லை. 5 முதல் 15 லேசு, 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. எனக்கு 38. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டுப் பெட்டிக்கு நாம் தூங்குகிறோமா, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோமா என்பது தெரியாது. விடிய விடிய முழித்துக் கிடந்தால் இலக்கம் குறைத்துத்தான் காட்டும். "ஒன்றுமில்லை" என்று வந்தும் அசதி போகவில்லை என்றால் ஆஸ்பத்திரி டெஸ்டைக் கேளுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப்பை வைத்துப் பகலில் 96 என்று பார்த்துச் சந்தோஷப்படுவதில் அர்த்தமே இல்லை. விழுவது இரவில்.

பதுளை_சந்தி | திங்கள், இரவு 9.00

அண்ணே, சரி. டெஸ்ட் ஆயிற்று. மெசினையும் போனிலேயே மூக்கில் மாட்டிவிடுவார்களா?

ஹக்கல_மாஸ்க் | திங்கள், இரவு 9.45

மாட்ட மாட்டார்கள். மாஸ்க் மட்டும் நேரில் போட்டுப் பாருங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் படத்தைப் பார்த்து ஒன்று எடுத்து, மூக்குத் தண்டில் புண் வந்து, ஒரு மாதம் அலைக்கழிந்தேன். மீசைக்காரர்களுக்கு வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் என்றால் மீசைக்குக் கீழே காற்று கசியும். டீச்சர், உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

மாட்டிய பிறகு நடப்பதெல்லாம் தூரத்தில் இருந்தே நடக்கும். மெசின் ஒவ்வொரு இரவும் எத்தனை மணி போட்டேன், எவ்வளவு கசிந்தது, இன்னும் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று எழுதி வைக்கிறது. எனக்குத் தொடக்கத்தில் காற்றின் அழுத்தத்தை 4 முதல் 20 வரை மெசினே கூட்டிக் குறைக்கும்படி விட்டிருந்தார்கள். மூன்றாம் கிழமை டொக்டர் கணக்கைப் பார்த்து, "உங்களுக்கு 8க்குக் கீழே போக வேண்டியதில்லை, 13க்கு மேல் போனால் கசிகிறது" என்று இரண்டு பக்கமும் நெருக்கிவிட்டார். பத்து நிமிஷப் பேச்சு. இதற்காக நான் விடியற்காலை பஸ்ஸில் தொங்கியிருக்க வேண்டுமா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பாதையெல்லாம் மண்சரிந்து கிடந்தபோது என் தவணை வந்தது. போனில்தான் பார்த்தேன். நேரில் என்றால் எத்தனை மாதம் தள்ளிப் போயிருக்குமோ.

மெசினின் கதை தெரியுமா? 1980இல் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற டொக்டர், தூசு உறிஞ்சும் மெசினின் மோட்டாரை மாற்றிப் பிடித்து நோயாளியின் மூக்கில் காற்று ஊதிப் பார்த்தாராம். இன்றைக்கும் அடிப்படை அதுதான். காற்றால் தொண்டையைத் திறந்தே வைத்திருப்பது. சத்தம்தான் குறைந்திருக்கிறது.

இன்னொன்று, இங்கே குளிரும் அறையில் குழாய்க்குள் தண்ணீர் கட்டும். மெசினில் ஈரப்பதத்துக்குச் சூடாக்கும் தண்ணீர்ப் பெட்டி இருக்கிறது. அந்தச் சூட்டுக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டு, நடு இரவில் மூக்குக்குள் சளக் என்று தண்ணீர். முதல் தடவை நான் கூரை ஒழுகுகிறது என்று எழும்பி லைட் போட்டேன். மெசினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். குழாய்க்குக் கம்பளி உறை போடுங்கள். என் மனைவி பழைய ஸ்வெட்டரை அவிழ்த்துப் பின்னித் தந்தாள்.

இராகலை_லொறி | செவ்வாய், அதிகாலை 3.20

தம்புள்ளையில் சாமான் இறக்குகிறார்கள், அதற்குள் எழுதுகிறேன். டீச்சர், உங்கள் வீட்டுக்காரர் ஏன் சொல்லவில்லை தெரியுமா? சொன்னால் முதலாளி சாவியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் காரணம். வெற்றிலை, பிளேன்டீ, கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளிர்காற்று, எல்லாம் நானும் செய்தவன். பொழுதுபோகாமல் ஒரு இழுவை சாராயம் போட்டுப் படுத்தால் நல்ல தூக்கம் வரும் என்று நினைத்தேன். டொக்டர் சொன்னார், அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துமாம். தூக்கக் குளிசையும் அப்படித்தானாம்.

நான் ஆறு மாதமாக மெசின் போடுகிறேன். பகலில் தூங்குகிறவனுக்கும் போடத்தான் வேண்டும், தூக்கம் எந்த நேரமானாலும் தூக்கம்தானே. லொறியில் படுக்கும் நாளைக்கு பற்றரியில் ஓடுகிறது. தண்ணீர்ப் பெட்டியை நிறுத்திவிட்டால் பற்றரி நிறைய நேரம் நிற்கும். அந்தச் சூடுதான் கரண்டைக் குடிக்கிறது. முதலாளியிடம் மெசின் கணக்கைக் காட்டினேன், "இந்தாங்க, தினம் ஆறு மணி நேரம்" என்று. அவருக்கு விளங்கியதோ இல்லையோ, சாவி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் ஆளிடம் இதை என் பேரில் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் டொக்டர் சொன்னால் கேட்க மாட்டார்கள், டிரைவர் சொன்னால் கேட்பார்கள்.

கந்தப்பளை_டீச்சர் | செவ்வாய், காலை 6.40

அண்ணா, அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனை வாங்கி அவரே இன்னொரு தரம் வாசித்தார். சனிக்கிழமைக்குச் செனல் பண்ணியிருக்கிறேன். இந்தக் கிழமை லொறியைத் தம்பி எடுக்கிறார்.

பழைய மெசின் வாங்கலாமா? புதியதன் விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. கரண்ட் போனால் என்ன செய்வது? 2022இல் பதின்மூன்று மணி நேரம் வெட்டியதை நான் மறக்கவில்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருட்டானதையும் மறக்கவில்லை. இன்னொன்று, லொறி பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வீட்டில் போத்தல் போத்தலாக இருக்கிறது. அதை ஊற்றலாமா?

ஓய்ந்த_நர்ஸ் | செவ்வாய், காலை 7.05

பற்றரித் தண்ணீர் வேண்டவே வேண்டாம், மகள். அது மூச்சுக்குப் போகச் செய்ததில்லை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும், தினமும் மாற்று.

ரொறொன்ரோ_தலவாக்கலை | செவ்வாய், இரவு 7.30

தலவாக்கலையில் பிறந்தவன், இங்கே இந்த மெசின்களோடுதான் வேலை. பழையது வாங்கலாம், ஆனால் பார்த்து. 2021 ஜூனில் பிலிப்ஸ் தன்னுடைய பல மெசின் வகைகளைத் திரும்ப அழைத்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரை சிதைந்து காற்றோடு வரலாம் என்பது காரணம். அந்தக் காலத்து மெசின் யாராவது மலிவாகத் தந்தால் பின்பக்கத்து மொடல் இலக்கத்தை டொக்டருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு முடிவெடுங்கள். மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றும் புதிதாகவே வாங்குங்கள். இப்போதைய மெசின்கள் உயரத்துக்குத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். 8,500 அடி வரை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள், நுவரெலியாவுக்குத் தாராளம். மெசின் தானாகத் தகவல் அனுப்பாவிட்டாலும் பக்கத்தில் ஒரு சின்ன மெமரி காட் இருக்கும். அதை லெப்டொப்பில் போட்டு ஒஸ்கார் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் இரவு முழுக்கக் கோடு கோடாக வரும். அதைப் படமெடுத்து டொக்டருக்கு அனுப்புங்கள். அழுத்தத்தை மட்டும் நீங்களே திருகாதீர்கள்.

ஒரு இரவு கரண்ட் போனால் பக்கவாட்டில் சாய்ந்து படுக்கட்டும். மல்லாந்து படுக்கும்போதுதான் பெரும்பாலானோருக்கு மோசம். பனியன் முதுகில் ஒரு டெனிஸ் பந்தைத் தைத்துவிட்டால் புரள முடியாது. சிரிக்காதீர்கள், டொக்டர்மாரே சொல்லும் வைத்தியம்தான்.

பதுளை_சந்தி | புதன், காலை 8.15

எனக்கு ஒரு கேள்வி, யாரும் கோபிக்க வேண்டாம். கழுத்து அளந்தேன். 41. மனைவியிடம் கேட்டால் "இப்பத்தான் கேக்குறீங்களா" என்கிறாள்.

ஓய்ந்த_நர்ஸ் | புதன், காலை 8.20

தம்பி, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செனல் பண்ணுங்கள்.

கந்தப்பளை_டீச்சர் | மூன்று கிழமைக்குப் பிறகு, சனி, மாலை 5.00

எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வீடியோவில் பார்த்தோம், இருபது நிமிஷம். டொக்டர் அவரிடம் நாலு கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் "இல்லை சேர்" தான். அப்புறம் "பக்கத்தில் இருக்கிறவங்களைக் கொஞ்சம் கெமராவுக்கு வரச் சொல்லுங்க" என்றார். நான் எண்ணி எழுதி வைத்திருந்த கொப்பியை எடுத்தேன். அதில் 25 என்று வட்டம் போட்டிருந்ததை என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார்.

வீட்டுப் பெட்டியில் வந்த இலக்கம் 44. ஒக்சிஜன் ஒரு கட்டத்தில் 73 வரை இறங்கியிருக்கிறது. மூக்குத் தண்டு வளைவு இருக்கலாம் என்று ஒரு தடவை மட்டும் நேரில் காட்டச் சொன்னார். கண்டிக்குப் போய் வந்தோம். மாஸ்க்கும் அங்கேயே போட்டுப் பார்த்து எடுத்தோம். மீசை போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு நாள் பேசவில்லை.

மெசின் போட்டு ஐந்து நாள். முதல் இரண்டு இரவு பன்னிரண்டு மணிக்கே கழற்றி எறிந்தார். நேற்று ஐந்தரை மணி நேரம் காட்டுகிறது. லொறி எடுக்கலாமா என்பதை இன்னும் இரண்டு கிழமைக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக டொக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை தம்பிதான். காசு நெருக்கடி இருக்கிறது, சமாளிக்கிறோம்.

ஹக்கல அண்ணா, நேற்று இரவு குழாயில் தண்ணீர் கட்டிவிட்டது. குழாய் ஆறடி. கம்பளி உறை பின்ன எத்தனை நூல் உருண்டை வேண்டும்?

ஹக்கல_மாஸ்க் | சனி, இரவு 7.10

இரண்டு போதும் என்கிறாள் மனைவி. ஒரு பக்கத்தைத் தைத்து மூடிவிடாமல் பட்டன் வைக்கட்டுமாம், குழாயைக் கிழமைக்கு ஒரு தரம் கழுவ வேண்டுமே.